பைக் பூட்ஸ் கடிக்கிறதா, வழுக்குகிறதா, ஒழுகுகிறதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

ஒரே ஜோடியில் பைக்கும் ஓட்ட வேண்டும், இறங்கிய பிறகு நாள் முழுக்க நடக்கவும் வேண்டும். ரேஸ் பூட்ஸ் அதிகம், கேன்வாஸ் ஷூ போதாது என்று நடுவில் ஒன்றைத் தேடி வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் திரும்பத் திரும்ப அதே சிலதான். குதிகால் கடிக்கிறது, கியர் விழமாட்டேன் என்கிறது, உள்ளே வேர்த்துக் கொட்டுகிறது, சோல் பிய்ந்துவிட்டது. பல புகார்கள் ஒரு ஸ்பேனரிலோ ஒரு ஜோடி சாக்ஸிலோ தீர்ந்துவிடும். சிலவற்றுக்கு பூட்ஸை மாற்றுவது தவிர வழியில்லை. உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடிக்கத்தான் இது.

இன்னும் வாங்காதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாங்கிய பிறகு சரிசெய்ய முடியாத விஷயங்கள் இரண்டு. ஒன்று, பூட்ஸின் கட்டுமானம்: குதிகாலைச் சுற்றியுள்ள கெட்டியான கப், கணுக்காலின் இரு பக்கமும் உள்ள காப்பு, பக்கவாட்டில் நசுங்காத சோல். இன்னொன்று, முன்பாதத்தின் அகலம். மெத்தென்று இல்லை, கனமாக இருக்கிறது, கியரில் இடிக்கிறது என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடையில் போட்டதும் சுகமாக இருந்தது என்பதற்காக மட்டும் எதையும் எடுத்துவிடாதீர்கள்.

## குதிகால் கடிக்கிறது, கொப்புளம் வருகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். கொப்புளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குதிகாலின் பின்பக்கம் நடுவில் இருந்தால், கால் உள்ளே ஏறி இறங்குகிறது. குதிகாலுக்கு மேலே, தசைநார் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில் இருந்தால், பூட்ஸின் விளிம்பு உரசுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கால் ஏறி இறங்கினால்: பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுங்கள். குதிகால் லேசாக எழும்புவது புது பூட்ஸில் சகஜம். சோல் இன்னும் மடங்கப் பழகவில்லை. நன்றாகவே எழும்புகிறது என்றால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் சாக்ஸ். மெல்லிய பருத்தி சாக்ஸ் வேர்வையில் நனைந்து சுருண்டு தோலை அறுக்கும். கணுக்காலுக்கு மேல் வரும், கொஞ்சம் தடித்த, செயற்கை இழையோ கம்பளி கலப்போ உள்ள சாக்ஸ் போட்டுப் பாருங்கள். பல பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து லேஸ். பாதத்தின் மேல்பகுதியில் தளர்வாகவும், கணுக்கால் மடங்கும் இடத்தில் இறுக்கமாகவும் கட்ட வேண்டும். கடைசி இரண்டு ஓட்டைகளில் லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜிப் மட்டும் உள்ள பூட்ஸில் இந்த வசதி கிடையாது. அதனால்தான் அதிகம் நடக்கிறவர்களுக்கு நான் லேஸும் ஜிப்பும் சேர்ந்ததைச் சொல்வேன். லேஸை ஒருமுறை அளவாகக் கட்டிவிட்டால், தினமும் ஜிப்பை மட்டும் திறந்து மூடலாம். லேஸின் நுனியை மட்டும் நாக்குக்கு அடியில் சொருகிவிடுங்கள். கியர் லிவரிலோ ஃபுட்ரெஸ்ட்டிலோ சிக்கினால் சிக்னலில் கால் ஊன்ற முடியாமல் சாய்வீர்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் கொஞ்சம் தடித்த இன்சோல். அதற்குப் பிறகும் குதிகால் எழும்பினால் அளவு பெரிது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

விளிம்பு உரசினால்: தோல் பூட்ஸ் என்றால் பொறுமைதான் மருந்து. மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடங்கள். மடங்கும் இடத்தில் மட்டும் தோலுக்கான கிரீமைத் தடவி, கையால் முன்னும் பின்னும் மடக்கி விடுங்கள். சீக்கிரம் இளகட்டும் என்று ஹேர் டிரையர் காட்டுவது, வெயிலில் வைப்பது எல்லாம் வேண்டாம், பசை விட்டுப்போகும். சில வாரம் போட்டும் அதே இடத்தில் புண்ணாகிறது என்றால் அந்த வடிவம் உங்கள் காலுக்கு ஒத்துவரவில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தச் சோதனைகளையெல்லாம் செய்துகொண்டிருக்க வேண்டாம். காலில் சின்னக் கொப்புளம் வந்தாலும் பூட்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் கழற்றியதும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம்; உணர்ச்சி குறைந்த காலில் வலியை நம்ப முடியாது.

## சுண்டுவிரல் பக்கம் நெருக்குகிறது, முன்பாதம் மரத்துப்போகிறது

நம் ஊரில் இது ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்களுடையதைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. நாம் வாங்கும் நல்ல பூட்ஸில் பலவும் இத்தாலியக் கம்பெனிகளின் அச்சில் செய்தவை. நீளம் சரியாக இருக்கும், அகலம் இருக்காது.

சோதனை எளிது. பூட்ஸிலிருந்து இன்சோலை உருவித் தரையில் போடுங்கள். வெறுங்காலுடன் அதன்மேல் முழு எடையும் போட்டு நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் இன்சோலைத் தாண்டி வழிகிறதா? கொஞ்சமாக வழிந்தால் தோல் இளகிக் கொடுக்கும். நன்றாகவே வழிந்தால் எந்தப் பழக்கமும் உதவாது. கடையிலேயே இதைச் செய்யலாம். விற்பவர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள். ஓட்டும்போது போடும் சாக்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால்:

மரத்துப்போவது பாதத்தின் மேல்பகுதியில் தொடங்குகிறதா, விரல்களில் மட்டுமா? மேலே என்றால் பாதி நேரம் குற்றவாளி இறுகிய லேஸ். வலிக்கும் இடத்துக்கு நேரே உள்ள ஒரு ஜோடி ஓட்டையைத் தாண்டிக் கட்டிப் பாருங்கள்.

விரல்களில் மட்டும் என்றால் மெல்லிய இன்சோல் போட்டு உள்ளே இடம் கொடுங்கள்.

அப்புறம், ஷூ வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அச்சு ஏற்றி விரிக்கச் சொல்லலாம். முழுத்தோல் பூட்ஸ் ஓரளவு விரியும். உள்ளே தண்ணீர் புகாத சவ்வு இருந்தால் விரிக்கவே கூடாது, சவ்வு கிழிந்துவிடும். வலைத்துணியும் செயற்கைத் தோலும் விரிந்தாலும் பழையபடி சுருங்கிவிடும்.

அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார்கள். முன்பாதம் தப்பிக்கும், குதிகால் ஆட ஆரம்பிக்கும். மேலே சொன்ன புகாருக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். அகலமான அச்சில் செய்த வேறு மாடலைத் தேடுவதே சரி. ஆன்லைனில் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் கடைகளில் 8, 9 என்பது பிரிட்டிஷ் அளவு. அமெரிக்க 9-ஐப் பார்த்து நம் 9 என்று நினைத்து எடுத்தால் கால் நுழையாது. அளவு அட்டவணையில் சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

பூட்ஸைக் கழற்றி வெகுநேரம் ஆன பிறகும், அல்லது செருப்புப் போட்டு நடக்கும்போதும் விரல்கள் மரத்தே இருக்கின்றன என்றால் அது பூட்ஸ் விவகாரமில்லை. மருத்துவரைப் பாருங்கள்.

## கியர் லிவருக்கு அடியில் கால் நுழையவில்லை

பூட்ஸைத் திட்டுவதற்கு முன் பைக்கைப் பாருங்கள். லிவரின் உயரத்தை மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மெல்லிய ஷூவுக்கு ஏற்ற உயரத்தில் இருக்கும் லிவருக்கு அடியில், விரல் பகுதி தடித்த பூட்ஸ் நுழையாது. கணுக்காலை வளைத்து வளைத்து ஓட்டி, சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்பார்கள்.

பைக்கை மெயின் ஸ்டாண்டில் போட்டு, உட்கார்ந்து, பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் இயல்பாக வையுங்கள். கணுக்காலைத் தூக்காமல் விரல்கள் லிவருக்கு அடியில் போக வேண்டும்.

லிவர் நேராக கியர் ஷாஃப்ட்டில் மாட்டியிருந்தால்: முன்னும் பின்னும் மிதிக்கும் லிவர் உள்ள சாதாரண பைக்குகளில் பெரும்பாலும் இப்படித்தான். இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டை முழுவதும் கழற்றி, லிவரை வெளியே இழுத்து, ஒரே ஒரு பல் மேலே திருப்பி மாட்டுங்கள். முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். குதிகால் பக்கம் ஃபுட்ரெஸ்ட்டிலோ தரைப்பக்கமோ இடிக்கிறதா என்று பாருங்கள்.

லிவருக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி இருந்தால்: கம்பியின் இரு முனையிலும் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருப்பினால் லிவர் ஏறி இறங்கும். ஒரு முனையில் பெரும்பாலும் இடப்புறத் திருகு இருக்கும். வழக்கமான திசையில் சுழலவில்லை என்றால் பலம் போடாதீர்கள், மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்.

எதைச் செய்தாலும், பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே ரோட்டுக்கு எடுங்கள்.

பிரேக் பெடலுக்கும் இதே கதைதான். தடித்த சோலில் பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், ஓட்டும்போதே லேசாக மிதித்துக்கொண்டிருப்பீர்கள். பிரேக் சூடாகும், பின்னால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிரம் பிரேக் என்றால் பெடல் உயரத்தை வைத்த பிறகு, பின்னால் கம்பி நுனியில் உள்ள நட்டைத் திருகி ஃப்ரீ பிளேயை, அதாவது பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, சரிசெய்யலாம். பிரேக் விளக்கு சுவிட்சையும் சேர்த்துப் பாருங்கள். டிஸ்க் பிரேக் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகம்பியில் ஃப்ரீ பிளே இல்லாமல் போனால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். மெக்கானிக்கிடம் விடுங்கள். கியர் ஷாஃப்ட்டின் பல் தேய்ந்து லிவர் வழுக்குகிறது என்றாலும் அவர் வேலைதான்.

இவ்வளவும் செய்து, லிவரை மேலே கொண்டுபோக இடமே இல்லை என்றால் மட்டும் பூட்ஸ்மேல் பழி போடுங்கள். இரும்பு முனை வைத்த தொழிற்சாலை ஷூக்களில்தான் இது அதிகம்.

## நடந்தால் காலில் பலகையைக் கட்டியது போல இருக்கிறது

இரண்டு கையால் பூட்ஸைப் பிடியுங்கள். முனையை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது. அடுத்து, துணியைப் பிழிவது மாதிரி முறுக்கிப் பாருங்கள், பூட்ஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது. கடைசியாக, சோலின் நடுப்பகுதியை இரு பக்கமும் அழுத்துங்கள்; நசுங்கக் கூடாது.

முனை மடங்குகிறது, மற்ற இரண்டும் அசையவில்லை என்றால் நல்ல பூட்ஸ்தான் வாங்கியிருக்கிறீர்கள். சில வாரம் நடந்தால் பழகிவிடும். உள்ளே கம்பெனி வைத்த இன்சோல் வெறும் அட்டை மாதிரி இருந்தால் பாதவளைவைத் தாங்கும் இன்சோலாக மாற்றுங்கள். நடப்பதில் இதைவிடப் பெரிய முன்னேற்றம் தரும் மலிவான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. முனையும் மடங்கவில்லை என்றால் அது ரேஸுக்கோ கரடுமுரடான காட்டுப்பாதைக்கோ செய்தது. ஆபீஸ் மாடிப்படிக்கு அது ஒருநாளும் ஒத்துவராது, விற்றுவிடுங்கள்.

இங்கேதான் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். மோட்டார் சைக்கிள் காலணிக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 13634. 2017 பதிப்பின்படி செய்த பூட்ஸின் உள்ளே ஒரு பைக்கர் படமும் அதன்கீழ் நான்கு எண்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. வரிசையாக உயரம், தேய்மானத்தைத் தாங்குவது, வெட்டைத் தாங்குவது, பக்கவாட்டு நசுக்கலைத் தாங்குவது. தினசரி நடைக்கு உயரம் 1 போதும். மற்ற மூன்றில் 2 கிடைத்தால் விடாதீர்கள். நான்காவது எண் 2 என்றால் நடக்க முடியாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அது பக்கவாட்டு விறைப்பு மட்டுமே. முனை மடங்குவது வேறு விஷயம், இரண்டும் ஒரே பூட்ஸில் இருக்கலாம். கணுக்கால் காப்பு தனியாகச் சோதித்துத் தேறியிருந்தால் ஐ.பி.ஏ. என்றும், தண்ணீர் தாங்கும் என்றால் டபிள்யூ.ஆர். என்றும் கூடவே எழுதியிருக்கும்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்துகிறது, கொஞ்ச நேரம் நடந்தால் குறைகிறது என்றால், பூட்ஸை மாற்றிப் பணத்தைச் செலவழிக்காமல் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ போங்கள்.

## நடக்க அருமையாக இருக்கிறது, காப்பாற்றுமா?

யாரும் புகாராகச் சொல்லாத புகார் இது. எனக்கு அதிகக் கவலையும் இதில்தான். ரைடிங் ஷூ என்ற பெயரில் விற்பவற்றில் சில, கணுக்கால் வரை உயர்த்திய ஸ்னீக்கர் மட்டுமே.

கட்டைவிரலால் குதிகால் பகுதியை இரு பக்கமும் அழுத்துங்கள். உள்ளே போனால் கப் இல்லை. கணுக்கால் எலும்பு இருக்கும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான வட்டு இருக்க வேண்டும், வெளிப்பக்கம் மட்டுமில்லை, உள்பக்கமும். வெறும் நுரை என்றால் அது சுகத்துக்கு, காப்புக்கு இல்லை. விளிம்பு கணுக்கால் எலும்புக்கு மேலே ஏறி நிற்கிறதா? லேஸையும் ஜிப்பையும் போட்டுவிட்டு, வேறொருவரைக் குதிகாலைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்றால் விபத்தில் முதலில் பறப்பது அதுதான்.

சேஃப்டி ஷூ போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மேலிருந்து விரல்மேல் விழும் பொருளைத் தாங்கச் செய்தது அது. தாழ்வான சேஃப்டி ஷூவில் கணுக்கால் வெளியேதான் இருக்கும். செருப்பைவிட ஆயிரம் மடங்கு மேல், சந்தேகமில்லை. பைக் பூட்ஸ் வாங்கும்வரை அதைப் போடுங்கள்.

இந்தச் சோதனைகளில் தோற்ற பூட்ஸை எந்தப் பழுதுபார்ப்பவராலும் தேற்ற முடியாது. அதை நடைக்கு வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு வேறு வாங்குங்கள்.

## மழையில் உள்ளே நனைகிறது

தண்ணீர் மேலிருந்து வந்ததா, கீழிருந்தா? சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள். மேல்விளிம்பு நனைந்து பாதம் காய்ந்திருந்தால் மழை பேண்ட்டை பூட்ஸுக்குள் சொருகியிருக்கிறீர்கள். வெளியே விட்டுக் கட்டுங்கள், செலவே இல்லை.

விரல் பக்கம் நனைந்திருந்தால், பூட்ஸுக்குள் நாளிதழைத் திணித்து, நாக்கு பக்கத்தோடு தைத்திருக்கும் உயரத்துக்குக் கீழே தண்ணீர் நிற்கும்படி பக்கெட்டில் கால் மணி நேரம் வையுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அங்கேதான் ஓட்டை. தையல் வழி என்றால் தோலுக்கான மெழுகைத் தேய்த்தால் ஓரளவு நிற்கும். சோல் ஒட்டும் இடம் என்றால் பசை வேலை. சவ்வு கிழிந்திருந்தால் முடிந்தது. கியாரண்டி இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் மழைக்கு மேலே மாட்டும் ரப்பர் உறை வாங்குங்கள்.

ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் எந்த பூட்ஸும் நிற்காது. சவ்வு உள்ளதில் உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது. இன்சோலை எடுத்து, தாள் திணித்து, மின்விசிறிக்கு அடியில் காயவையுங்கள்.

## வேர்க்கிறது, நாறுகிறது

தண்ணீர் புகாத பூட்ஸ் கத்திரி வெயிலில் வேர்க்கத்தான் செய்யும். வருடத்தில் பெரும்பகுதி வெயில்தான் என்கிற ஊரில் இருப்பவர்கள் காற்றோட்டமுள்ள பூட்ஸையும் மழைக்கு உறையையும் வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு ஜோடி இன்சோல் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். இரவில் பூட்ஸை ரேக்குக்குள் பூட்டாமல், திறந்து நிழலில் வையுங்கள். சமையல் சோடாவைத் தூவி மறுநாள் தட்டிவிட்டால் நாற்றம் குறையும். விரலிடுக்கில் அரிப்பும் தோல் உரிதலும் இருந்தால் அது பூஞ்சை. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## சோல் பிய்கிறது

பிய்ந்த இடத்தை விரித்துப் பாருங்கள். இரு பக்கமும் சுத்தமாகப் பிரிந்திருந்தால் பசை மட்டுமே விட்டிருக்கிறது. நல்ல செருப்புத் தைக்கிறவரிடம் ஒட்டி, ஓரம் தைத்துத் தரச் சொல்லுங்கள்.

விரலால் தொட்டால் தூளாக உதிர்கிறது, பிசுபிசுக்கிறது என்றால் விஷயம் வேறு. பாலியூரிதேன் நுரை ஈரக்காற்றில் வருடக்கணக்கில் சிதைந்திருக்கிறது. போடாமல் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸுக்கும் இது நடக்கும். கடலோர ஊர்களில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். இதன்மேல் பசை நிற்காது. மேல்தோல் நன்றாக இருந்தால் சோலை முழுதாக மாற்றலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த வேலை தெரிந்தவர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேளுங்கள்.

## வழுக்குகிறது

பெட்ரோல் பங்க்கில் மட்டும் வழுக்கினால் சோலில் எண்ணெய். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். எல்லா இடத்திலும் என்றால் நகத்தால் ரப்பரை அழுத்துங்கள். பதியவே இல்லை என்றால் ரப்பர் இறுகிவிட்டது, சோல் மாற்றும் நேரம். புதிதாக வாங்கும்போது எண்ணெய் பட்டாலும் கெடாத சோல் என்பதற்கான எஃப்.ஓ. குறியைத் தேடுங்கள்.

## கீழே விழுந்த பிறகு

முதலில் கால், அப்புறம்தான் பூட்ஸ். கணுக்கால் வலித்தால் பூட்ஸை இழுத்துக் கழற்றாதீர்கள். லேஸை வெட்டி, நாக்கை முழுவதும் திறந்து மெதுவாக எடுங்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலி துள்ளுகிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தாலோ ரத்தம் நிற்காவிட்டாலோ எதையும் கழற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பூட்ஸில், குதிகால் கப்பை அழுத்தும்போது கிரக் என்று சத்தம் வருகிறதா, கணுக்கால் வட்டு நகர்ந்திருக்கிறதா, முறுக்கினால் இப்போது முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். தோல் தேய்ந்தது மட்டும் என்றால் தொடர்ந்து போடலாம். தையல் விட்டிருந்தால் தைத்துக்கொள்ளலாம். ஜிப் போயிருந்தால் மாற்றலாம். முதலில் சொன்ன மூன்றில் எது இருந்தாலும், வெளியே புத்தம் புதிதாகத் தெரிந்தாலும், அந்த ஜோடியை இனி பைக்குக்குப் போடாதீர்கள்.